நெடுந்தூர ஓட்டம்: பேசிக்கொண்டே ஓடப் பழகுங்கள்

ஓடத் தொடங்கும் பலர் முதல் நாளே வேகமாக ஓடிவிடுகிறார்கள். மூன்றாவது நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது, விலாவில் சுருக்கென்று பிடிக்கிறது, கெண்டைக்கால் இறுகிக்கொள்கிறது. ‘நமக்கு இதெல்லாம் ஒத்துவராது’ என்று முடிவுகட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. கிளம்பிய வேகம்தான் தப்பு. அந்த வேகத்தை மட்டும் பாதியாகக் குறைத்திருந்தால் மறுநாளும் ஓட ஆசை வந்திருக்கும்.

இதுவரை ஓடியே பழக்கமில்லாத ஒருவர் முதலில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடுவது, அப்புறம் 10 கிலோமீட்டர், விரும்பினால் அரை மாரத்தான், அதற்கும் மேலே முழு மாரத்தான் என்று எப்படிப் போகலாம் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ஓட்டம் மனசுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இடையிடையே வரும். அதைத் தனியாகப் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. உடம்பில் நடப்பதும் மனசில் நடப்பதும் ஒரே பயிற்சிதான்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் இவற்றில் ஏதாவது இருந்தாலோ, படியேறும்போது நெஞ்சு இறுகுவது, தலை கிறுகிறுப்பது போன்ற தொல்லை இருந்தாலோ மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வருடக்கணக்கில் உட்கார்ந்தே வேலை பார்த்தவர்கள் முதல் இரண்டு மூன்று வாரம் விறுவிறுவென்று நடந்தால் போதும். அரை மணி நேர நடை சுலபமாகிவிட்டால் ஓடலாம்.

முதல் படி: பேச்சு வர வேண்டும்

சரியான வேகம் எது என்று கண்டுபிடிக்க வாட்ச் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒருவர் இருப்பதாக நினைத்து ஒரு முழு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் குறைக்க வேண்டும். ஆரம்பத்தில் இந்த வேகம் நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கும். வேகமாக நடக்கிறவர் உங்களைத் தாண்டிப் போகலாம். போகட்டும்.

மெதுவாக ஓடுவதால் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பொறுமை வரும். வாரக்கணக்கில் இப்படி ஓடும்போது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்பைவிட அதிக ரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. தசைக்குள் புதிய நுண்ணிய ரத்தக் குழாய்கள் உருவாகின்றன. தசைச் செல்களுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. கொழுப்பை எரித்து ஓடும் திறன் கூடுகிறது. இதற்கெல்லாம் மூச்சுமுட்ட ஓட வேண்டியதில்லை. நிதானமான வேகத்தில் நிறைய நேரம் ஓடினால்தான் இவை நன்றாக வளரும். மூச்சுமுட்ட ஓடினால் சீக்கிரம் களைத்துப்போவதால் அந்த நேரமே கிடைக்காமல் போகிறது.

நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் இதை உலகத்துக்கே காட்டினார். தான் பயிற்சி கொடுத்த எல்லோரையும், 800 மீட்டர் ஓடுகிறவரைக்கூட, வாரத்துக்குச் சுமார் 160 கிலோமீட்டர் ஓடவைத்து முதலில் அடித்தளம் போட்டார். வெறும் இரண்டு நிமிடத்துக்கும் குறைவான போட்டிக்கு இவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்களான பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். இன்றும் பெரிய ஓட்டக்காரர்களின் பயிற்சியில் பெரும்பகுதி அவர்களுக்குச் சுலபமான வேகத்தில்தான் நடக்கிறது. ஒலிம்பிக் வீரருக்கே அடித்தளம் வேண்டியிருக்கிறது என்றால் நேற்றுத் தொடங்கியவர் அதைத் தாண்டிக் குதிக்க நினைப்பதில் நியாயமில்லை.

இரண்டாவது படி: ஓட்டமும் நடையும் கலந்து

வாரத்துக்கு மூன்று நாள். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே ஒரு நாளாவது ஓய்வு. ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இதையே எட்டு முறை செய்யுங்கள். கடைசியில் ஐந்து நிமிடம் நடந்து முடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரம் இரண்டு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை. பிறகு மூன்றுக்கு இரண்டு, ஐந்துக்கு இரண்டு, எட்டுக்கு ஒன்று என்று ஓட்டத்தை நீட்டிக்கொண்டே போகலாம். ஒன்பது பத்து வாரத்தில் பெரும்பாலானவர்களுக்கு அரை மணி நேரத் தொடர் ஓட்டம் கைகூடும்.

ஒரு வாரம் கஷ்டமாக இருந்ததா? அதே வாரத்தை இன்னொரு முறை செய்யுங்கள். அட்டவணை உங்களுக்காக இருக்கிறதே தவிர, நீங்கள் அட்டவணைக்காக இல்லை. வழியில் நடந்தால் தோற்றுவிட்டதாக நினைக்கிறவர்கள் நிறைய. அமெரிக்காவுக்காக 1972ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலோவே, இடையிடையே நடப்பதையே ஒரு முறையாக வகுத்து, அதன் வழியே ஏராளமானவர்களை மாரத்தான் முடிக்க வைத்திருக்கிறார். களைப்பதற்கு முன்பே நடக்க வேண்டும் என்பதுதான் அதில் சூட்சுமம். களைத்துப்போய் நடந்தால் தேறி எழ நேரமாகும். முன்கூட்டியே ஒரு நிமிடம் நடந்தால் கடைசி வரை கால் புதிதாகவே இருக்கும்.

ஷூ விஷயத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். ஓடுவதற்கென்றே செய்த ஷூ, போட்டு நாலடி ஓடிப் பார்க்கும்போதே இதமாக இருக்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள்; நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்கும். 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியதும் மாற்றிவிடலாம். பருத்திச் சாக்ஸ் வியர்வையில் ஊறிக் கொப்புளம் உண்டாக்கும், அதைத் தவிருங்கள். தொடையிலும் அக்குளிலும் துணி உராயும் இடங்களில் பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொள்ளுங்கள். ஓடும் தோரணைக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன்: எட்டி எட்டி அடி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக, பாதம் உடம்புக்கு அடியிலேயே விழும்படி ஓடுங்கள். தோளைத் தளர விடுங்கள். மற்றது போகப் போகத் தானே அமையும்.

மூன்றாவது படி: எலும்பு வந்து சேரும் வரை காத்திருங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

ஓடத் தொடங்கினால் இதயமும் நுரையீரலும் தசையும் சில வாரங்களிலேயே முன்னேறிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்காகும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. எலும்பு அந்தச் சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும். ஆனால் திருத்தும் வேலையில் முதலில் பழைய பகுதி கரைக்கப்பட்டு, அதன் பிறகுதான் புதியது படிகிறது. இடைப்பட்ட நாட்களில் அந்த இடம் முன்பைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கும். அந்த நேரம் பார்த்து தூரத்தைக் கூட்டினால் விரிசல் விழும்.

அதனால் புதியவருக்கு ஆபத்தான காலம் முதல் வாரம் கிடையாது. இரண்டாவது மூன்றாவது மாதம்தான். மூச்சு வாங்கவில்லை, மனசு பறக்கிறது, இன்னும் ஐந்து கிலோமீட்டர் போகலாம் போலிருக்கிறது. ‘முடியும்’ என்று மூச்சு சொல்கிறது. எலும்பு இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த உற்சாகத்தை மதியுங்கள், ஆனால் அது கேட்டதையெல்லாம் கொடுக்காதீர்கள். ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் மொத்தத் தூரம் கொஞ்சமாகத்தான் கூட வேண்டும். பத்து சதவீதம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அது விஞ்ஞான விதி இல்லை என்றாலும் தோராயமான அளவுக்கு உதவும். மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள்.

வலியைப் பிரித்தறியப் பழக வேண்டும். ஓடிய மறுநாள் இரண்டு தொடையும் ஒரே மாதிரி மந்தமாக வலித்தால், அது இரண்டு நாளில் குறைந்தால், அது பயிற்சியின் அடையாளம். ஒரு பக்கம் மட்டும் வலிப்பது, ஓட ஓடக் கூடுவது, நடையையே சாய்த்துவிடுவது, ராத்திரி படுத்த பிறகும் விடாமல் இருப்பது, இவையெல்லாம் வேறு ரகம். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம் வலி இருந்தால் உட்கார்ந்துகொண்டு, அங்குள்ள எலும்பின் உள்விளிம்பை விரல் நுனியால் மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாக அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய திசுக்களின் எரிச்சல். தூரத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் அடங்கும். ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் மட்டும் விண்ணென்று தெறித்தால் எலும்பில் விரிசலாக இருக்கலாம். அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் மாரத்தானில் தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி வழியில் விழுந்து, முழங்காலில் அடிபட்டு, கட்டுப் போட்டுக்கொண்டு, வென்றவர் வந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகு கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். அந்த மனவுறுதிக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அதைச் சொல்லி, வலியைப் பொருட்படுத்தாமல் ஓடு என்று புதியவர்களை ஏவுவது தவறு. அவர் வாழ்நாளில் ஒருமுறை வரும் போட்டியில், நாட்டின் பெயரால் ஓடினார். நாம் ஓடுவது ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சி. அதை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் எதுவும் நஷ்டமில்லை. நிறுத்தாமல் போனால் மூன்று மாதம் போய்விடலாம். கஷ்டத்தையும் கேட்டையும் பிரித்துப் பார்க்கிற இந்தப் பழக்கம் வேலையிலும் உறவுகளிலும் எனக்கு உதவியிருக்கிறது. எதைத் தாங்கினால் வளர்வோம், எதைத் தாங்கினால் உடைவோம் என்று கேட்டுக்கொள்ள ஓட்டம்தான் பழக்கியது.

வாரத்துக்கு இரண்டு நாள் கால்களை வலுப்படுத்துங்கள். படியின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகுவது, இருபது நிமிடம் போதும். தூக்கத்தை மட்டும் வெட்டாதீர்கள். தூக்கத்தைக் குறைத்து ஓடுவதைவிட அன்று ஓடாமல் தூங்குவது மேல்.

நான்காவது படி: நீண்ட ஓட்டம்

அரை மணி நேரம் ஓட முடிந்த பிறகு வாரத்தில் ஒரு நாளை நீண்ட ஓட்டத்துக்கு ஒதுக்குங்கள். மற்ற இரண்டு மூன்று நாளும் குறுகிய, சுலபமான ஓட்டம். நீண்ட ஓட்டத்தை ஒவ்வொரு முறையும் ஐந்து பத்து நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் மூன்று மாதத்தில் 10 கிலோமீட்டர் வந்துவிடும். அதிலிருந்து அரை மாரத்தானான 21.1 கிலோமீட்டருக்கு இன்னும் மூன்று நான்கு மாதம். 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தானை முதல் வருடத்தில் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. முடிக்க முடியாது என்பதால் சொல்லவில்லை. வருத்தி முடித்துவிட்டு ஓட்டத்தையே வெறுத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு, அதனால் சொல்கிறேன்.

வயதோ உடல்வாகோ தடையாகத் தோன்றினால் இதைக் கேளுங்கள். 1983இல் ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து மெல்பர்ன் வரை 875 கிலோமீட்டர் ஓட்டத்தில் வென்றவர் கிளிஃப் யங் என்ற 61 வயது விவசாயி. காலை இழுத்து இழுத்து மெதுவாக ஓடி, இளம் ஓட்டக்காரர்கள் தூங்கிய நேரத்திலும் ஓடி முந்தினார். பெண்களின் உடம்பு மாரத்தானைத் தாங்காது என்ற எண்ணத்தில் 1984 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அந்தப் போட்டியே வைக்கவில்லை. அந்த வருடம் லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் ஓடி முதல் தங்கத்தை வாங்கினார்.

நீண்ட ஓட்டத்தில் சலிப்பு வரும். முழுத் தூரத்தையும் நினைத்தால் மலைப்பாக இருக்கும், அதனால் அடுத்த திருப்பம், அதற்கடுத்த மரம் என்று பார்வையைக் கிட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்ப மனசே இல்லாத நாளில், பத்து நிமிடம் மட்டும் ஓடிவிட்டுத் திரும்பலாம் என்று உங்களுக்கு நீங்களே வாக்குக் கொடுங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் உடம்பு மறுத்தால் நிஜமாகவே திரும்பிவிடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றினால்தான் அடுத்த முறையும் மனசு நம்பும். பெரும்பாலான நாட்களில் திரும்ப மாட்டீர்கள். மனசு தயாரான பிறகு காரியத்தைத் தொடங்கலாம் என்று காத்திருந்த என்னை, தொடங்கினால் மனசு பின்னால் வரும் என்று மாற்றியது ஓட்டம்தான்.

தண்ணீரும் எரிபொருளும்

ஒரு மணி நேரத்துக்குக் குறைவான ஓட்டத்துக்கு வழியில் எதுவும் சாப்பிடத் தேவையில்லை. அதற்கு மேல் போனால் தாகத்துக்குக் குடியுங்கள். தாகமே இல்லாமல் குடம் குடமாகக் குடிப்பது ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்க் குமட்டல், தலைவலி, குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது நூற்றில் 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மெதுவாக ஓடி, நேரமெடுத்து, ஓடும்போதே எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் உங்கள் அளவு புரிந்துவிடும்: கொஞ்சம் குறைந்திருந்தால் சரி, கூடியிருந்தால் குடித்தது அதிகம்.

வெயிலுக்கு உடம்பு பழக இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை வேகத்தைக் குறையுங்கள். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே நின்று உதவி கேளுங்கள்.

போட்டி நாள்

மாரத்தானில் 30 கிலோமீட்டருக்குப் பிறகு பலருக்குத் திடீரென்று கால் ஓடாமல் போகும். காரணம் எளிய கணக்கு. தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து சுமார் 2000 கலோரி. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 42 கிலோமீட்டருக்கு 2500 கலோரி வேண்டும். மிச்சத்தைக் கொழுப்பு கொடுக்கும், ஆனால் மெதுவாகத்தான் கொடுக்கும். வேகமாக ஓட ஓட மாவுச்சத்துதான் அதிகம் எரியும். முதல் பாதியில் அவசரப்பட்டவர் கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு வைத்திருந்ததையும் சேர்த்துச் செலவழித்துவிடுகிறார்.

இதற்கு இரண்டு வழி. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தை ஜெல்லாகவோ (ஓட்டக்காரர்களுக்கான இனிப்புக் கூழ்) பானமாகவோ எடுத்துக்கொள்வது ஒன்று. பயிற்சியிலேயே அதைப் பழக்குங்கள். புதிய ஜெல்லோ புதிய ஷூவோ போட்டி நாளில் கூடாது. இன்னொன்று, தொடக்கத்தில் அடக்கி ஓடுவது. இதுதான் கடினம். கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்திருப்பீர்கள், கால் துள்ளும், சுற்றிலும் கூட்டம் கைதட்டும், எல்லோரும் முந்திப் போவார்கள். பதறாத காரியம் சிதறாது. முதல் ஐந்து கிலோமீட்டரை ‘இவ்வளவு மெதுவாகவா’ என்று நினைக்கும் வேகத்தில் ஓடுங்கள். கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023இல் சிகாகோவில் 2 மணி 35 விநாடியில் உலக சாதனை படைத்தபோது முதல் பாதிக்கு 60 நிமிடம் 48 விநாடி எடுத்துக்கொண்டார். இரண்டாம் பாதி 59 நிமிடம் 47 விநாடி.

உங்களை முந்திப் போகிறவர் எவ்வளவு காலம் ஓடியவர், எத்தனை கிலோமீட்டருக்கு வந்தவர் என்று உங்களுக்குத் தெரியாது. அவரோடு ஒப்பிட்டு உங்கள் வேகத்தை மாற்றினால் அவருடைய போட்டியை உங்கள் காலால் ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். பள்ளியில் தொடங்கி வேலை வரைக்கும் நம்மில் பலர் அப்படித்தான் ஓடியிருக்கிறோம். 21 கிலோமீட்டர் தாண்டியும் பேச முடிந்தால் அப்போது கொஞ்சம் கூட்டலாம்.

கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். இரண்டு மூன்று நாள் படி இறங்குவது கஷ்டமாக இருக்கும், கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். அரை மாரத்தான் என்றால் ஒரு வாரம், முழு மாரத்தான் என்றால் இரண்டு மூன்று வாரம் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் மனசு கொஞ்சம் வெறுமையாக இருப்பது சகஜம். மாதக்கணக்காக இருந்த இலக்கு முடிந்துபோனதால் வருவது அது. அந்த வெறுமையை நிரப்ப உடனே அடுத்த போட்டிக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். மாடிப்படியில் வலியில்லாமல் இறங்க முடிகிற நாள் வரட்டும், அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.